ப்ராஜெக்ட் மேனேஜர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

சென்னையில் ஐடி சர்வீஸ் கம்பெனிகளில் ப்ராஜெக்ட்களை நடத்துவதுதான் என் பிழைப்பு. டெவலப்பராகவோ டெஸ்டராகவோ இருந்துவிட்டு இந்தப் பக்கம் வர நினைக்கிறவர்கள், வந்த சில மாதங்களிலேயே முழிக்கிறவர்கள், ஊரிலிருந்து போன் செய்யும் சொந்தக்காரப் பிள்ளைகள் எல்லோரும் கேட்பது ஏறத்தாழ ஒரே கேள்விகள். கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் ஐடி வேலையை மனதில் வைத்து எழுதியவை. கட்டுமானத் துறைக்கும் பொருந்துகிற ஒன்றிரண்டு இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறேன்.

ப்ராஜெக்ட் மேனேஜர் கோடும் எழுதறதில்ல, டெஸ்ட்டும் பண்றதில்ல. அப்ப நாள் முழுக்க என்னதான் பண்றாங்க?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் டெவலப்பர்கள், அதுவும் கொஞ்சம் கடுப்போடு. எப்போது முடியும், எவ்வளவு செலவாகும், என்னென்ன அடங்கும் என்று கம்பெனி கிளையண்ட்டுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறது. அந்த வாக்கு நழுவப் போகிறதா என்று தினமும் பார்ப்பதும், நழுவும் என்று தெரிந்தால் முடிவெடுக்க வேண்டியவரை முடிவெடுக்க வைப்பதும்தான் இந்த வேலை.

நடைமுறையில் இது சின்னச் சின்ன விஷயங்களாக வரும். டெஸ்ட் சர்வருக்கு அனுமதி இன்னும் கிடைக்கவில்லை. கிளையண்ட்டிடம் கேட்ட கேள்விக்கு ஒரு வாரமாகப் பதில் இல்லை. ஒரு வேலையை இவர் செய்வார் என்று அவரும், அவர் செய்வார் என்று இவரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதையெல்லாம் யாரோ ஒருவர் துரத்த வேண்டும். துரத்தல் ஒழுங்காக நடந்தால் மேனேஜர் சும்மா உட்கார்ந்திருப்பது போலத்தான் வெளியே தெரியும்.

காலேஜ் முடிச்ச உடனே ப்ராஜெக்ட் மேனேஜரா சேர முடியுமா அண்ணா?

அந்தப் பெயரில் சேர்வது அபூர்வம். பக்கத்து வாசல்கள் உண்டு: ப்ராஜெக்ட் கோஆர்டினேட்டர், பிஎம்ஓ (கம்பெனியின் ப்ராஜெக்ட்களை ஒட்டுமொத்தமாகக் கண்காணிக்கும் பிரிவு) அனலிஸ்ட், ஜூனியர் பிசினஸ் அனலிஸ்ட். சிவில் படித்தவர்களுக்குக் கட்டுமானக் கம்பெனிகளில் ப்ளானிங் இன்ஜினியர் வேலை இருக்கிறது. கால அட்டவணையைக் கையால் போட்டுப் பழக அது ஐடியைவிட நல்ல இடம் என்பது என் எண்ணம்.

பலரும் போகும் வழி வேறு. நாலைந்து வருடம் டெவலப்பர் அல்லது டெஸ்டர், அப்புறம் டீம் லீட், அப்புறம் மேனேஜர். எங்கும் 'அனுபவம் வேண்டும்' என்கிறார்கள், வேலை கொடுக்காமல் அனுபவம் எப்படி வரும் என்று கேட்பீர்கள். இப்போது இருக்கும் டீமிலேயே ரிலீஸ் பட்டியலைப் பராமரிப்பது, வேறு டீம்களிடம் காத்திருக்கும் விஷயங்களைத் துரத்துவது போன்ற யாரும் விரும்பாத வேலைகளைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்க மாட்டார்கள்.

பிஎம்பி எழுதிட்டா வேலை கிடைச்சிடுமா? இப்பவே கோர்ஸ்ல சேரட்டுமா?

முதலில் தகுதியைப் பாருங்கள். பிஎம்பி (ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் ப்ரொஃபஷனல்) சான்றிதழை வழங்குவது 1969-ல் அமெரிக்காவில் தொடங்கிய பிஎம்ஐ என்ற அமைப்பு. நாலு வருடப் பட்டம் பெற்றவர், ப்ராஜெக்ட்களை வழிநடத்திய 36 மாத அனுபவத்தைக் காட்ட வேண்டும். அதோடு 35 மணி நேர வகுப்பும் முடித்திருக்க வேண்டும். விண்ணப்பங்களில் சிலவற்றைத் தணிக்கைக்கு எடுத்து, மேலதிகாரியின் உறுதிமொழி கேட்பார்கள். ஆகவே, அனுபவம் இல்லாதவரிடம் 'சேருங்கள், பார்த்துக்கொள்ளலாம்' என்று பணம் கட்டச் சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

புதியவர்களுக்கு அதே அமைப்பின் சிஏபிஎம் (CAPM) தேர்வு இருக்கிறது. அனுபவம் கேட்பதில்லை, 23 மணி நேர வகுப்பு போதும். 3 மணி நேரத்தில் 150 கேள்விகள். ஸ்க்ரம் (வேலையைச் சில வாரத் துண்டுகளாகப் பிரித்துச் செய்யும் முறை) பக்கம் போக நினைப்பவர்கள் பிஎஸ்எம் 1 என்ற ஸ்க்ரம் மாஸ்டர் தேர்வை எழுதலாம். அதற்கு வகுப்புக் கட்டாயமில்லை, ஆனால் 60 நிமிடத்தில் 80 கேள்விகள், தேர்ச்சிக்கு 85 சதவீதம்.

வேலை கிடைக்குமா என்றால், பயோடேட்டா வடிகட்டலில் சான்றிதழ் உங்களை உள்ளே தள்ளிவிடும். இன்டர்வியூவில் 'உங்கள் ப்ராஜெக்ட்டில் எது தப்பாகப் போனது, அப்போது என்ன செய்தீர்கள்' என்று கேட்பார்கள். அதற்கான பதில் எந்த வகுப்பிலும் கிடைக்காது. இன்னொன்று, பிஎம்பி வாங்கியதோடு முடிவதில்லை. 3 வருடத்துக்கு ஒருமுறை 60 பயிற்சிப் புள்ளிகள் காட்டிப் புதுப்பிக்க வேண்டும், கட்டணமும் உண்டு. கம்பெனி பணம் தருமா என்று கேட்டுவிட்டு எழுதுவது நல்லது.

எனக்கு கோடிங் வராது. இந்த வேலைக்கு அது பரவாயில்லையா?

எழுத வராவிட்டால் பரவாயில்லை. டெவலப்பர் பேசுவது புரியாவிட்டால்தான் சிக்கல். ஏபிஐ (இரண்டு மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வழி) என்றால் என்ன, டேட்டாபேஸ் மாற்றத்தைத் திரும்பப் பெறுவது ஏன் கஷ்டம், ரிலீஸுக்கு முன்னால் என்னென்ன டெஸ்டிங் நடக்கிறது, இந்த அளவு தெரிந்திருக்க வேண்டும். 'ரெண்டு நாள் ஆகும்' என்று ஒருவர் சொல்லும்போது, அது எந்த இரண்டு நாள் என்று கேட்கிற அளவுக்காவது.

என்ன டூல் கத்துக்கணும்? ஜிராவா, எம்எஸ் ப்ராஜெக்ட்டா?

ஐடி என்றால் ஜிரா, கட்டுமானம் என்றால் ப்ரைமாவெரா, எங்கே போனாலும் எக்ஸெல். எதையும் பழக அதிக நாள் ஆகாது. அதற்குள்ளே போடும் கணக்கைக் கற்றுக்கொள்வதுதான் முக்கியம்.

அமெரிக்காவில் 1950-களின் கடைசியில் டூபாண்ட் கம்பெனிக்காக உருவான கிரிட்டிகல் பாத் முறையை எடுத்துக்கொள்வோம். டேட்டாபேஸ் மாற்றம் 4 நாள், அது முடிந்தபின் ஏபிஐ 5 நாள். இன்னொரு பக்கம் திரை வடிவமைப்பு 3 நாள், அதன்பின் அந்தத் திரைகளை உருவாக்க 4 நாள். இரண்டு பக்கமும் முடிந்த பிறகு டெஸ்டிங் 3 நாள். டெஸ்டிங்கையும் சேர்த்தால் முதல் பாதை 12 நாள், இரண்டாவது பாதை 10 நாள். நீளமான முதல் பாதைதான் கிரிட்டிகல் பாத், ரிலீஸ் தேதியை முடிவு செய்வது அதுதான். திரை வேலை இரண்டு நாள் தள்ளிப்போனால் ஒன்றும் ஆகாது. டேட்டாபேஸ் ஒரே நாள் தள்ளிப்போனாலும் ரிலீஸ் தேதி தள்ளிப்போகும். எந்தத் தாமதத்துக்குக் கவலைப்பட வேண்டும், எதைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்தான் எல்லோரையும் ஒரே மாதிரி விரட்டிக்கொண்டிருப்பார்.

ஸ்க்ரம்ல ப்ராஜெக்ட் மேனேஜரே கிடையாதாமே? அப்ப இந்த வேலை போயிடுமா?

ஸ்க்ரமில் அந்தப் பதவி இல்லை என்பது உண்மை. 2020-ல் வந்த ஸ்க்ரம் கையேட்டின்படி மூன்று பொறுப்புகள்தான்: எதை முதலில் செய்வது என்று முடிவு செய்யும் ப்ராடக்ட் ஓனர், ஸ்க்ரம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும் ஸ்க்ரம் மாஸ்டர், டெவலப்பர்கள். ஆனால் சர்வீஸ் கம்பெனியில் ஒப்பந்தம், பில்லிங், ஆள் எடுப்பது, கிளையண்ட்டின் கோபம் எல்லாம் ஸ்க்ரமுக்கு வெளியேதான் இருக்கின்றன. யாராவது அவற்றைப் பார்த்தாக வேண்டும். பல கம்பெனிகளில் ஸ்க்ரம் மாஸ்டர் என்ற பெயரில் மேனேஜர் வேலையே நடக்கிறது. சேரும்போது பதவியின் பெயரைப் பார்க்காதீர்கள். தேதி தவறினால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று கேளுங்கள்.

பத்து நாள்ல முடியும்னு டீம் சொல்லுது, நானும் அப்படியே சொல்றேன், ஆனா ஒரு மாசம் ஆயிடுது. எங்க தப்பு நடக்குது?

வழக்கமாக மூன்று இடங்களில். முதலாவது, 'பத்து நாள்' என்று டெவலப்பர் சொல்வது வேறு எந்த வேலையும் குறுக்கே வராத பத்து நாள். ப்ரொடக்‌ஷனில் (ஆட்கள் உண்மையில் பயன்படுத்தும் சிஸ்டத்தில்) வரும் பிரச்சினை, மீட்டிங், பக்கத்து டீமுக்கு உதவி எல்லாம் அதில் சேராது. இரண்டாவது, கோட் எழுதுவதைத்தான் அவர் கணக்கிட்டிருப்பார். ரிவ்யூ, டெஸ்டிங், பிழைதிருத்தம், கிளையண்ட் ஒப்புதலுக்குக் காத்திருப்பது எல்லாம் தனி. மூன்றாவது, நீங்கள் கேட்ட தொனி. 'பத்து நாள்ல முடிஞ்சிடும்ல?' என்று கேட்டால், எதிரே இருப்பவர் தலையாட்டத்தான் செய்வார்.

ஒரே எண்ணைக் கேட்காமல் மூன்றாகக் கேட்டுப் பாருங்கள்: எல்லாம் சரியாக நடந்தால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை நாள், சொதப்பினால் எத்தனை நாள். 4, 6, 14 என்று பதில் வந்தால், நடு எண்ணை நாலால் பெருக்கி மற்ற இரண்டையும் கூட்டி ஆறால் வகுங்கள். 7 வரும். அந்த 7-ஐவிட, '14 ஏன் சொன்னீங்க?' என்று கேட்டதும் வரும் பதில்தான் பயன்படும். ப்ராஜெக்ட்டின் ஆபத்துகள் எல்லாம் அதில் இருக்கும்.

அப்புறம் காலண்டர். அக்டோபர் முதல் ஜனவரி நடுப்பகுதி வரை வரும் மாதங்களைப் புதியவர்கள் முழு மாதங்களாக எண்ணிவிடுகிறார்கள். ஆயுத பூஜை, தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் முன்னும் பின்னும் லீவு சேர்த்துத்தான் போவார்கள். வடகிழக்குப் பருவமழை வேறு. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே அமெரிக்காவில் நன்றி தெரிவிக்கும் நாளும் கிறிஸ்துமஸும் வரும். சில்லறை வணிகக் கிளையண்ட்கள் பலரும் ஆண்டுக் கடைசியில் எந்த மாற்றத்தையும் ப்ரொடக்‌ஷனில் ஏற்ற விடமாட்டார்கள். டிசம்பர் 20-ஐ ரிலீஸ் தேதியாகப் போடுமுன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

டீம்ல எல்லாரும் என்னைவிட சீனியர். அப்ரைசல் அவங்க லீட் கையில. என் பேச்சை யார் கேப்பாங்க?

யாரும் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. பொறுப்பு உங்களுடையது, அதிகாரம் வேறு யாரிடமோ. புதியவர்களை இந்த வேலையில் அதிகம் திணற வைப்பது இதுதான். மேனேஜர் என்று பெயர் மாறிய பிறகும் இதில் பெரிய மாற்றம் இருக்காது.

அதிகாரம் இல்லாத இடத்தில் மூன்று விஷயங்கள் ஓரளவு வேலை செய்கின்றன. ஒன்று, அவர்கள் வழியில் இருக்கும் தடையை எடுத்துவிடுவது. ஒரு சீனியர் டெவலப்பர் வாரக்கணக்கில் காத்திருந்த சர்வர் அனுமதியை நீங்கள் துரத்தி வாங்கிக் கொடுத்துவிட்டால், அடுத்த முறை நீங்கள் தேதி கேட்கும்போது அவர் உண்மையான தேதியைச் சொல்வார். இரண்டு, எழுதி வைப்பது. மீட்டிங் முடிந்த அன்றே, யார் எதை எந்தத் தேதிக்குள் முடிக்க ஒப்புக்கொண்டார் என்று நாலு வரி மெயில். மிரட்டும் தொனி வேண்டாம், வெறும் பதிவு போதும். 'நான் அப்படிச் சொல்லலையே' என்ற பேச்சு பாதியாகக் குறையும். மூன்று, தெரியாததைத் தெரியாது என்று சொல்வது. பதினைந்து வருட அனுபவசாலியிடம் தொழில்நுட்பம் தெரிந்தது போல் நடித்தால் ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிடுவீர்கள்.

இதையெல்லாம் செய்தும் ஒருவர் அசையவில்லையென்றால் அவருடைய லீடிடம் போகலாம். போகுமுன் அவரிடமே சொல்லிவிடுங்கள்: 'சார், வெள்ளிக்கிழமைக்குள்ள இது முடியலைன்னா லீட்கிட்ட பேச வேண்டி வரும், உங்களுக்குத் தெரியாம பேச விரும்பல.' அநேகமாக வியாழக்கிழமையே வேலை முடிந்துவிடும்.

கிளையண்ட்டோட போன் கால்ல இங்கிலீஷ்ல பேசவே பயமா இருக்கு. நான் பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம்.

நன்றாக நடக்கும் கிளையண்ட் கால்களைக் கவனித்துப் பாருங்கள். அழகான ஆங்கிலத்துக்கு அங்கே வேலையே இல்லை. என்ன முடிந்தது, என்ன முடியவில்லை, உங்களிடமிருந்து என்ன வேண்டும் என்று மூன்று விஷயம். அவற்றை எழுதி வைத்துக்கொண்டு படித்தாலும் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். உச்சரிப்பு புரியவில்லை என்றால் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். புரியாமல் 'யெஸ், யெஸ்' என்று சொல்லிவிட்டு அப்புறம் தவிப்பதுதான் ஆபத்து, ஏனென்றால் அந்த யெஸ்ஸை அவர்கள் ஒப்புதலாக எடுத்துக்கொள்வார்கள். கால் முடிந்ததும் முன்பு சொன்ன அந்த நாலு வரி மெயில் இங்கேயும் கைகொடுக்கும். தப்பாகப் புரிந்திருந்தால் அன்றே திருத்திவிடுவார்கள்.

ராத்திரி கால் எல்லாம் என் தலையிலதான் விழுது. வீட்டுல சண்டை. இதைக் குறைக்க வழி இருக்கா?

கொஞ்சம் இருக்கிறது. நியூயார்க்கில் காலை 9 மணி என்பது கோடையில் நமக்கு மாலை 6:30, குளிர்காலத்தில் 7:30. மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள், நாம் மாற்றுவதில்லை. ப்ரிட்டன் மாற்றுவது மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு. இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்து வரும் கால் என்றால் அந்த இடைப்பட்ட வாரங்களில் குழப்பம் நிச்சயம். தொடர் மீட்டிங்கை யார் நேரத்தில் பதிவு செய்வது என்பதை முதல் வாரமே பேசி முடித்துவிடுங்கள்.

தினசரி காலில் மேனேஜர் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. லீடுகளோடு முறை வைத்து மாற்றிக்கொள்ளலாம். சில நாள் காலுக்குப் பதிலாக எழுத்தில் அறிக்கை போதுமா என்று கேட்டால், கிளையண்ட்கள் நாம் நினைப்பதைவிட எளிதாகச் சம்மதிக்கிறார்கள். அவர்களுக்கும் அது இன்னொரு மீட்டிங்தானே. பெண்களுக்கு இரவு வீடு திரும்பும் பயணமும் சேர்ந்துவிடுகிறது. கம்பெனி வண்டி கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். அது சலுகை அல்ல.

கிளையண்ட் "சின்ன விஷயம்தானே, சேர்த்துடுங்க"ங்கிறார். முடியாதுன்னு எப்படிச் சொல்றது?

முடியாது என்று சொல்லவே வேண்டாம். 'தாராளமாகச் செய்யலாம், இதனால் தேதியும் செலவும் எவ்வளவு மாறும் என்று நாளைக்குச் சொல்கிறேன்' என்று சொல்லுங்கள். அடுத்த நாள் ஒரு சேஞ்ச் ரெக்வெஸ்ட் எழுதி அனுப்புங்கள். பாதிக் கோரிக்கைகள் அங்கேயே நின்றுவிடும்.

இதற்கு முன்னால் ஒப்பந்தம் எந்த வகை என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். புதிய கோஆர்டினேட்டர்களில் பலர் எஸ்ஓடபிள்யூவை (என்னென்ன வேலை அடங்கும் என்று சொல்லும் ஒப்பந்த ஆவணம்) திறந்தே பார்ப்பதில்லை, இது எனக்குப் புரியாத ஒரு விஷயம். செய்த நேரத்துக்குப் பணம் என்ற ஒப்பந்தத்தில் கூடுதல் வேலைக்குக் கிளையண்ட் பணம் கொடுத்துவிடுவார், உங்கள் கவலை தேதி மட்டும்தான். மொத்தத் தொகை நிர்ணயித்த ஒப்பந்தத்தில் ஒவ்வொரு 'சின்ன விஷயமும்' உங்கள் கம்பெனியின் லாபத்திலிருந்து போகிறது. அங்கே இலவசமாகச் செய்துகொடுப்பதாக இருந்தாலும் பதிவு செய்துவிட்டுச் செய்யுங்கள். பத்தாவது முறை மறுக்க வேண்டி வரும்போது முந்தைய ஒன்பதையும் காட்டலாம்.

ப்ராஜெக்ட் லேட் ஆகப் போகுதுன்னு எனக்குத் தெரியுது. சரி பண்ணிடலாம்னு காத்திருக்கவா, இப்பவே சொல்லிடவா?

இப்பவே. சொல்லாமல் வாராவாரம் பச்சை காட்டும் அறிக்கைக்கு எங்கள் வட்டாரத்தில் தர்பூசணி ரிப்போர்ட் என்று பெயர்: வெளியே பச்சை, உள்ளே சிவப்பு. வெட்டும் நாள் வந்தே தீரும். ஆறு வாரம் முன்னால் சொன்னால் கிளையண்ட்டுக்குச் சில வழிகள் இருக்கும். சில அம்சங்களைத் தள்ளிப்போடலாம், அவருடைய மேலதிகாரியைத் தயார்படுத்தலாம். இரண்டு நாள் முன்னால் சொன்னால் அவருக்கு மிஞ்சுவது கோபம் மட்டும்தான்.

முதலில் உங்கள் டெலிவரி மேனேஜரிடம் நேரில் சொல்லுங்கள், அப்புறம்தான் கிளையண்ட். பெரியவர்கள் நிறைந்த மீட்டிங்கில் முதன்முறையாக உடைக்காதீர்கள். வெறும் 'லேட் ஆகும்' என்று போகாமல், எத்தனை நாள், எதனால், என்னென்ன வழிகள், எது உங்கள் பரிந்துரை என்று ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துப் போங்கள்.

மேலிடத்துல "நாலு பேர் கூடுதலா தர்றோம், தேதியை மாத்தாதே"ங்கிறாங்க. ஒத்துக்கலாமா?

கடைசி நேரம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஐபிஎம்மில் பெரிய மென்பொருள் திட்டத்தை நடத்திய ஃப்ரெட் ப்ரூக்ஸ், தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று 1975-லேயே எழுதிவிட்டார். புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள், ஏற்கெனவே நேரமில்லாமல் தவிக்கும் அதே ஆட்கள்தான். அதோடு, ஐந்து பேர் டீமில் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டிய இணைப்புகள் 10. ஒன்பது பேரானால் 36.

அதற்காக வரும் உதவியைத் தட்டிக்கழிக்கவும் வேண்டாம். தனியாகப் பிரித்துக் கொடுக்கக்கூடிய டெஸ்டிங், டேட்டா தயாரிப்பு, ஆவணங்கள் போன்றவற்றுக்கு ஆள் கேளுங்கள். மீதிக்கு, எந்த அம்சத்தை அடுத்த ரிலீஸுக்குத் தள்ளலாம் என்ற பட்டியலோடு போங்கள். ஆறு வாரம் முன்பே சொல்லியிருந்தால் இந்தப் பேச்சு எளிதாக இருக்கும்.

டீம்ல எல்லாம் தெரிஞ்ச ஒரே ஆள் பேப்பர் போட்டுட்டார். இப்ப என்ன?

நம் ஐடி கம்பெனிகள் பலவற்றில் நோட்டீஸ் காலம் 90 நாள். நிறைய நாள் போலத் தெரிகிறது, ஆனால் மீதமிருக்கும் லீவு, மாற்று ஆள் கிடைக்கும் தாமதம் எல்லாம் போனால் கையில் சில வாரங்களே நிற்கும். முதல் வாரமே அவருடைய பொறுப்புகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் வேறொருவர் செய்ய, அவர் பக்கத்தில் இருந்து பார்க்கும்படி மாற்றுங்கள். ஆவணம் எழுதச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். கிளம்பும் மனநிலையில் இருப்பவர் எழுதும் ஆவணம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அவரிடம் கோபப்படவும் வேண்டாம். சென்னை சின்ன ஊர், அடுத்த கம்பெனியில் அவரே உங்களை இன்டர்வியூ எடுக்கலாம்.

நான் ஜூலைன்னு எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் அதை மேன்னு மாத்தி கிளையண்ட்டுக்கு அனுப்பிட்டார். என் பேர் அதுல இருக்கு.

இதுதான் எனக்கு வந்த கேள்விகளிலேயே கஷ்டமானது. அவருக்கு உங்களுக்குத் தெரியாத காரணம் ஏதாவது இருக்கலாம். ஒருவேளை கிளையண்ட்டோடு அம்சங்களைக் குறைத்துப் பேசியிருப்பார். அதனால் முதலில் தனியாகக் கேளுங்கள்: 'மே மாதத்துக்கு எதையெல்லாம் குறைத்திருக்கிறோம்?' பதில் இருந்தால் திட்டத்தை அதற்கேற்ப மாற்றி எழுதுங்கள்.

பதில் இல்லை என்றால், உங்கள் மதிப்பீடு ஜூலை என்பதையும், மே மாதத்துக்கு முடிய வேண்டுமானால் என்னென்ன தேவை என்பதையும் அவருக்கு மட்டும் மெயிலில் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். கிளையண்ட் முன்னால் அவரை மறுத்துப் பேசுவதைப் பெரும்பாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் செய்யாத வேலையைச் செய்ததாகவோ, வராத நேரத்தை டைம்ஷீட்டிலோ எழுதச் சொன்னால் அது வேறு கதை. அதற்கு உடன்படாதீர்கள், எச்ஆரிடமோ அவருக்கு மேலே உள்ளவரிடமோ எழுத்தில் கொண்டு போங்கள். அதே ஆளிடம் இது திரும்பத் திரும்ப நடந்தால் வேறு ப்ராஜெக்ட் கேட்கலாம்.

ரெண்டு வருஷமா மினிட்ஸ் எழுதறேன், எக்ஸெல் நிரப்பறேன். கோஆர்டினேட்டராவே தேங்கிட்டேனா?

தேங்கியிருக்கலாம். இப்படிச் சோதித்துப் பாருங்கள்: கடந்த மாதத்தில் உங்கள் எண்ணையோ எச்சரிக்கையையோ வைத்து யாராவது ஒரு முடிவை மாற்றினார்களா? இல்லை என்றால் நீங்கள் தகவலைக் கடத்திக்கொண்டு மட்டும் இருக்கிறீர்கள். சிறியதாக இருந்தாலும் தொடக்கம் முதல் முடிவு வரை உங்களுடையதாக ஒரு வேலையைக் கேளுங்கள். ஒரு ரிப்போர்ட் மாற்றம், ஒரு சர்வர் இடமாற்றம், எதுவானாலும் சரி. பிஎம்பிக்குக் கேட்கிறார்களே 36 மாதம், அதில் கணக்கில் வருவதும் இப்படி வழிநடத்திய வேலைதான், மினிட்ஸ் எழுதிய மாதங்கள் வராது.

பிடிக்கலைன்னா திரும்ப டெவலப்பரா போகலாமா? கேவலமா நினைப்பாங்களா?

போகலாம். போனவர்களை எனக்குத் தெரியும், அவர்களில் பெரும்பாலானோர் நல்ல டெக் லீடுகளாக இருக்கிறார்கள், ஏனென்றால் தேதி என்பது என்ன வலி என்று அவர்களுக்குத் தெரியும். வந்து ஒன்றிரண்டு வருடத்துக்குள் என்றால் கை இன்னும் பழக்கத்தில் இருக்கும், அதற்கு மேல் போனால் இன்டர்வியூவுக்கு நிறையத் தயாராக வேண்டும். ப்ராஜெக்ட் நடுவில் விட்டுவிட்டுப் போகாமல் ஒரு ரிலீஸ் முடிந்ததும் கேளுங்கள். ஏன் திரும்பினீர்கள் என்று கேட்டதற்கு, 'மனுஷங்களைத் துரத்தறதைவிட கோட்ல இருக்கிற பக்கைத் (bug) துரத்தறது பிடிச்சிருக்கு' என்று சொன்ன ஒருவருக்கு அந்த இன்டர்வியூவிலேயே வேலை கிடைத்தது.